கவின் அம்மாவின் பெயர்

1

இந்த ஆகஸ்டிலும் பள்ளியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். பாதுகாப்பு முறைகளைப் பற்றிப் பெற்றோருக்கு விளக்கும் கூட்டம், வியாழக்கிழமை மாலை, பள்ளி நூலகத்தில். ஸ்பானிஷுக்கு ஒருவர், மாண்டரினுக்கு ஒருவர், தமிழுக்கு நான். "போன வருடம் அருமையாகப் பேசினீர்கள்" என்றார் துணைத் தலைமை ஆசிரியை. நான் என்ன பேசினேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தமிழில் பேசினேன், யாரும் எழுந்து போகவில்லை. அவர் பார்த்தது அவ்வளவுதான்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். டெக்சஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்கிற ஊரில் இருக்கிறோம். என் மகள் யாழினி இப்போது நாலாம் வகுப்பு. நெருப்புப் பிடித்தால் எந்த வாசலில் வெளியேறுவது, சூறைக்காற்று வந்தால் எங்கே தலை குனிந்து உட்காருவது என்று பிள்ளைகளுக்குப் பழக்கம் கொடுக்கிறார்கள். துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் அதே வரிசையில் பழக்குகிறார்கள். அதற்குப் பெயர் லாக்டவுன். கொரோனா காலத்தில் நீங்கள் கேட்டுச் சலித்த அதே சொல்தான். இங்கே அது கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மூலையில் மூச்சுக் காட்டாமல் உட்காருவது.

என் கணவர் வேலை செய்வது மிட்லண்டில், எண்ணெய் வயல்களின் பக்கம். காரில் ஏழு மணி நேரத் தொலைவு. வெள்ளிக்கிழமை இரவு வருவார், ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார். நான் ஹூஸ்டன் டவுன்டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்குப்பிள்ளை மாதிரி ஏதோ செய்கிறேன். அங்கே என் பெயர் டாமி. தமயந்தி அவர்கள் வாயில் நுழையவில்லை. ஊரில் நாய்க்கு வைக்கிற பெயர் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது, விட்டுவிட்டேன்.

2

போன வருடக் கூட்டத்துக்குப் பெரிதாகத் தயாரித்துக்கொண்டு போனேன். இரண்டு பக்கம் தமிழில் எழுதி, சமையலறையில் நின்று படித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் வாசிக்கும்போது ஏதோ மின்சார வாரிய அறிவிப்பு போல இருந்தது, தமிழில் சொன்னபோது பாதி வரியில் நிறுத்திவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த யாழினி தலையைத் தூக்கி, "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ ட்ரில்" என்றாள். அவளுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி.

கூட்டத்துக்கு வந்த தமிழர்களைப் பின்வரிசையில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். பெரும்பாலும் அம்மாக்கள். ஆறு மாத விசாவில் வந்து, பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போகிற இரண்டு மாமாக்கள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். குழந்தையின் ஃபோனுக்கோ வாட்சுக்கோ கூப்பிடாதீர்கள், அது இருட்டில் சத்தம் போடும். பள்ளிக்குக் கூப்பிடாதீர்கள். செய்தி வரும், காத்திருங்கள். எதற்கும் பள்ளிக்கு நேராக வந்துவிடாதீர்கள்.

"வராம வீட்ல என்னங்க பண்றது?" என்று ஒரு மாமா கேட்டார். அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இன்னொரு பெண் கையைத் தூக்கினார். "அந்த நேரம் பாத்து புள்ள பாத்ரூம்ல இருந்தா?"

துணைத் தலைமை ஆசிரியையிடம் கேட்டுச் சொன்னேன். பக்கத்தில் எந்த அறை திறந்திருக்கிறதோ அதில் நுழைய வேண்டும். இல்லையென்றால் அங்கேயே தாழ் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். வகுப்புக் கதவைப் பூட்டிவிட்டால் பிறகு தட்டினாலும் திறக்க மாட்டார்கள்.

"நம்ம புள்ளதான் தட்டுதுன்னு தெரிஞ்சாலுமா?"

"தெரிஞ்சாலும்தாங்க" என்றேன். சொல்லிவிட்டுத் தாளில் அடுத்த வரிக்குப் போனேன்.

அடுத்தது கொலுசு. தமிழ்ப் பெண் குழந்தைகள் சிலர் முத்து வைத்த கொலுசு போட்டு வருகிறார்களாம். ஒத்திகையின்போது ஒரு குழந்தை காலை நகர்த்தினால் வகுப்பு முழுக்கக் கேட்கிறது, கழற்றிவிடச் சொல்லுங்கள் என்றார்கள். நான் சொன்னேன். பிள்ளை வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியட்டும் என்றுதானே கொலுசு போட்டுவிடுகிறோம்? அன்று வீட்டுக்குப் போய் யாழினியின் காலிலிருந்து கழற்றினேன். அவள் நன்றி சொன்னாள், அதுவும் ஆங்கிலத்தில்.

கடைசியாக, பிள்ளைகளைத் திருப்பித் தருகிற முறை. வேறோர் இடத்துக்குப் பேருந்தில் கொண்டுபோவார்கள். பெற்றோர் அங்கே போய்ப் படம் போட்ட அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பெற்றோர் வர முடியாவிட்டால், முன்பே பெயர் கொடுத்திருக்கிற ஆள் வரலாம். அட்டையில் இருக்கிற பெயரும் பள்ளியில் கொடுத்த பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபோனில் யார் சொன்னாலும் தர மாட்டார்கள். "பக்கத்துல இருக்கிற ரெண்டு பேர் பேரைக் குடுத்து வைங்க" என்று எல்லோருக்கும் அழுத்திச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் படித்தது கரூரில். கடையடைப்பு, கல்வீச்சு என்று எவனாவது புரளி கிளப்பினால் பள்ளியில் நீளமாக மணி அடிப்பார்கள், கேட்டைத் திறந்துவிடுவார்கள். முதலில் வந்து சேருகிற அப்பா தன் பெண்ணோடு அந்தத் தெருப் பெண்கள் எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போவார். அவர் யார், எவர் என்று வாட்ச்மேன் கேட்டதில்லை. இன்று ஒரு தாயாக நினைத்துப் பார்த்தால் பகீரென்கிறது. ஆனால் அப்போது எனக்கு யார் வருவார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

3

கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தபோது கவின் அம்மா கூட வந்தார். எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருந்தவர், சென்னைக்காரர். கவினும் யாழினியும் ஒரே வகுப்பு. புதன்கிழமைகளில் எனக்கு வேலை முடியத் தாமதமாகும் என்பதால் யாழினி அவர் வீட்டில்தான் தோசை சாப்பிடுவாள். மூன்று வருடப் பழக்கம்.

"நாம ஒருத்தருக்கு ஒருத்தர் பேரு போட்டுக்கலாமா?" என்றார்.

"நானே கேக்கலாம்னு இருந்தேனுங்க."

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பள்ளியின் படிவத்தைத் திறந்து உட்கார்ந்த பிறகுதான், அவர் பெயர் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. ஃபோனில் 'கவின் அம்மா' என்று வைத்திருக்கிறேன். வாட்ஸப்பிலும் அவர் கவின் அம்மாதான், படமும் கவின் படம்தான். நான் அவருக்கு யாழினி அம்மா. இங்கே எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் இதே கதைதான். ஒருவர் அத்விக் அம்மா, ஒருவர் தியா அப்பா. பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னால் நாங்கள் யாருமே இல்லாதது போல.

கேட்டிருக்கலாம். ஒரு ஃபோன், அவ்வளவுதான். ஆனால் மூன்று வருடம் ஒருவர் கையால் நம் பிள்ளை தோசை சாப்பிட்ட பிறகு, உங்கள் பெயர் என்ன என்று எந்த முகத்தோடு கேட்பது? அவர் கணவர் பெயர் சரவணன் என்று தெரியும். முதல் பெயர் என்ற கட்டத்தில் 'கவின்ஸ் மாம்', குடும்பப் பெயரில் 'சரவணன்'. கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. அட்டையில் இருக்கிற பெயர்தான் வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மகராசி நான்தான்.

4

சில வாரம் கழித்து, ஒரு வேலை நாளில், மதிய உணவு முடிந்து திரும்பும்போது செய்தி வந்தது. பள்ளி லாக்டவுனில் இருக்கிறது, பள்ளிக்கு வர வேண்டாம். ஒத்திகை என்ற சொல் அதில் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தேடினேன். இல்லை.

போலீஸ் துரத்தி வந்த ஒருவன் காரை விட்டுவிட்டுப் பள்ளியின் வேலியைத் தாண்டிக் குதித்திருக்கிறான். இது பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் அந்த இரண்டு வரி. தமிழ் அம்மாக்களின் வாட்ஸப் குழு கொதித்தது. 'யாழினி அம்மா, நீங்கதான சொன்னீங்க, போலாமா வேணாமா?' 'போகாதீங்க, வெயிட் பண்ணுங்க' என்று தட்டினேன். தட்டும்போது நான் லிஃப்டில் இருந்தேன், கையில் கார் சாவி இருந்தது.

கணவருக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. எடுத்தாலும் ஏழு மணி நேரம். கவின் அம்மாவுக்கு லைன் கிடைக்கவில்லை. ஃப்ரீவேயில் ஏறிய கொஞ்ச தூரத்திலேயே முன்னால் ஏதோ விபத்து, எல்லாத் தடத்திலும் வண்டிகள் நின்றுவிட்டன. அந்த நகரத்தில் எனக்காக ஓடக்கூடிய இன்னொருவரை நினைத்துப் பார்த்தேன். அலுவலகத்தில் சிரித்துப் பேசுகிறவர்கள், கோயிலில் பார்க்கிறவர்கள், பொங்கல் விழாவில் கோலம் போட வருகிறவர்கள், எல்லோர் முகமும் வந்தது. கூப்பிடலாம் என்று ஒரு முகமும் தோன்றவில்லை. அவ்வளவு தனியாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. வந்து பதினோரு வருடம் ஆகிறது.

அப்போது அடுத்த செய்தி வந்தது. ஆளைப் பிடித்துவிட்டார்கள், பிள்ளைகள் பத்திரம், பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் ஜிம்மில், அதாவது உள்விளையாட்டுக் கூடத்தில், வந்து கூட்டிக்கொள்ளலாம். கூடவே கவின் அம்மாவின் ஃபோன்.

"யாழினி அம்மா, பதறாதீங்க. நான் போயி ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துர்றேன். என் பேருதான் குடுத்திருக்கீங்கல்ல."

"ஆமாங்க" என்றேன். நிம்மதியில், படிவத்தில் நான் கொடுத்திருந்த பெயர் நினைவுக்கே வரவில்லை.

மறுபடி அவர் கூப்பிட்டபோது நான் பாதி தூரம்கூட வந்திருக்கவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசினார். "கவினைக் குடுத்துட்டாங்க. யாழினியக் குடுக்க மாட்றாங்க. என் லைசென்ஸ்ல இருக்கிற பேரு அங்க இல்லையாம். நீங்க என்ன பேரு போட்டீங்க?"

"கவின்ஸ் மாம்னு போட்டேங்க."

அவர் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"உங்க பேரு எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

அவர் திட்டியிருக்கலாம். "சரி விடுங்க" என்றார். "நான் இங்கயே இருக்கேன். அவ கண்ணுக்குத் தெரியற மாதிரி உக்காந்துக்கறேன். நீங்க பாத்து ஓட்டிட்டு வாங்க."

பள்ளிக்கு ஃபோன் செய்து கெஞ்சிப் பார்த்தேன். ஃபோனில் மாற்ற முடியாது என்றார் ஒரு பெண், மிகவும் மரியாதையாக. அவர் செய்தது சரி. அதை நானே தமிழில் விளக்கிச் சொல்லியிருக்கிறேன்.

5

நான் போய்ச் சேர்ந்தபோது ஜிம் ஏறக்குறைய காலியாக இருந்தது. தரையில் மஞ்சள் டேப் ஒட்டி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். டேப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நீளப் பலகையில் யாழினி, பையை மடியில் வைத்துக்கொண்டு. இந்தப் பக்கம், அவளுக்கு நேர் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார் கவின் அம்மா. பக்கத்தில் கவின் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். தன் பிள்ளை கைக்கு வந்த பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை என்று கவின் சொன்னான்.

மேஜையில் இருந்தவர் என் அட்டையைப் பார்த்தார். பிறகு யாழினியை அழைத்து, இவர் யார் என்று கேட்டார்.

"மை மாம்."

"அவர் பெயர்?"

"டமயந்தி செல்வகுமார்" என்றாள். என் மகள் வாயிலிருந்து என் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். 'த' வரவில்லை. பரவாயில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டபோது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

வெளியே வந்ததும் கவின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "உங்க பேரு என்னங்க?"

"கோமதி. கோமதி ரத்தினசாமி. அப்பா பேரு, பாஸ்போர்ட்ல அப்படியே விட்டாச்சு."

"நான் தமயந்தி."

"இப்பதான உங்க பொண்ணு சொன்னா" என்றவர் சிரிக்க ஆரம்பித்தார். "நான் கவினுக்கு என்ன போட்டு வெச்சிருக்கேன் தெரியுமா? யாழினி மாம் செல்வகுமார்." இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று என் கார் மேல் சாய்ந்து அழுதுவிட்டார். அவ்வளவு நேரம் அதை அடக்கி வைத்திருந்தார் போலிருக்கிறது.

காரில் யாழினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். ஜிம்மில் கவின் அம்மாவைக் காட்டி, அவரைத் தெரியுமா என்று கேட்டார்களாம். தெரியும், புதன்கிழமை தோசை தருவார் என்று சொன்னாளாம். பெயர் கேட்டார்களாம். 'கவின் அம்மா' என்றாளாம். அது பெயர் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"பட் இட் இஸ் எ நேம். ரைட், அம்மா?"

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

"ஷி கெப்ட் வேவிங் அட் மி" என்றாள். "தி ஹோல் டைம்."

6

அன்று மாலையே பெயரைத் திருத்தினேன். கோமதி ரத்தினசாமி என்று யாழினியைப் பத்து தடவை சொல்ல வைத்தேன். ஆனால் நேரில் பார்த்தால் பழையபடி கவின் அம்மா, யாழினி அம்மாதான். பழகின வாய் கேட்கவில்லை. எப்போதாவது அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது, "தமயந்தி, சக்கர போதுமா?" என்பார். நான் போதும் என்று சொல்ல ஒரு நொடி தாமதிப்பேன். என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. கணவருக்கு நான் 'ஏம்மா', ஊரில் அம்மாவுக்கு நான் 'பாப்பா'.

வசந்த காலத்தில் சரவணனின் கம்பெனியில் ஆட்குறைப்பு. விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் இன்னொரு வேலை தேடக் கிடைப்பது சொற்ப நாட்கள். இர்விங்கில், டாலஸ் பக்கம், ஓரிடத்தில் கிடைத்தது. பள்ளி முடிந்ததும் வாடகை லாரியில் சாமான் ஏற்றினார்கள். பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு ஐபேடில் விளையாடிக்கொண்டிருந்தன, வீடியோ காலில் பார்த்துக்கொள்வோம் என்று அவர்களுக்குக் கவலையே இல்லை.

"ஸ்கூல்ல இருந்து என் பேர எடுத்துடுங்க" என்றார் கோமதி. "பக்கத்துல யாராவது பேர போட்டுக்கங்க. மறந்துடாதீங்க."

"சரிங்க" என்றேன். லாரி திரும்பும்வரை நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவரும் ஆட்டினார்.

7

சென்ற வியாழக்கிழமைக் கூட்டத்தில் அதே மேஜை. முகங்கள் பாதிக்கு மேல் புதியவை. கொலுசு வரை எல்லாம் சொல்லி முடித்தேன். இந்த முறை ஒன்றைக் கூடுதலாகச் சொன்னேன். பெயர் கொடுக்கப் போகிறவரின் பெயர் என்ன என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள், அது உங்கள் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். சிலர் சிரித்தார்கள். சிலர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்து உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்கள்.

முடிந்த பிறகு ஒரு சின்னப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். கோவில்பட்டிப் பக்கமாம். வந்து இரண்டு மாதம், மகன் கிண்டர்கார்டன்.

"அக்கா, எங்களுக்கு இங்க யாரையுமே தெரியாது. யார் பேரப் போடட்டும்?"

"உன் பேரு என்னம்மா?"

"நான் ஆதிரன் அம்மா."

நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "தங்கமாரி" என்றாள், வெட்கப்பட்டுக்கொண்டு. "மாரின்னு கூப்பிடுவாக."

அவள் ஃபோனை வாங்கி என் பெயரை அடித்துக் கொடுத்தேன். தமயந்தி செல்வகுமார், லைசென்ஸில் இருக்கிற எழுத்திலேயே. அவள் கையைப் பிடித்து நின்ற மகனையும் ஒரு தடவை சொல்ல வைத்தேன். அவன் நன்றாகவே சொன்னான், 'த' அழகாக வந்தது. இன்னும் ஒரு வருடத்தில் அதுவும் போய்விடும்.

"நானும் உங்களுக்கு வந்துருவேன்க்கா, ஆனா இன்னும் கார் ஓட்டப் படிக்கல" என்றாள். பிறகு கேட்டாள். "உங்க பாப்பாவுக்கு யார் பேரு போட்டிருக்கீக?"

பள்ளி ஆரம்பித்த வாரத்தில் கம்ப்யூட்டரும் இதைத்தான் கேட்டது. விவரங்கள் சரியா, மாற்றம் உண்டா என்று. நான் வெகு நேரம் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை எடுத்தால் அந்தக் கட்டத்தில் போட வேறு பெயர் என்னிடம் இல்லை. மாற்றம் இல்லை என்று அழுத்திவிட்டேன்.

"கோமதின்னு ஒருத்தங்க" என்றேன்.

"பக்கத்துலயா இருக்காக?"

"இர்விங்ல. கூப்பிட்டா வந்துருவாங்க. நாலு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்."